தலைகீழாகப் படித்தால் கார்

1950-களின் பிரிட்டனில் புதுக் கார் வாங்குபவர், விலையோடு 'பர்ச்சேஸ் டாக்ஸ்' என்ற வரியையும் சேர்த்துக் கட்ட வேண்டும். சம்பளக்காரர் ஒருவரைக் கார் ஆசையையே கைவிட வைக்கும் அளவுக்குக் கனமான வரி அது. ஆனால் பாகங்களாக வாங்கி, வீட்டில் தானே பூட்டிக்கொண்டால் வரி கிடையாது. முழுக் காரையும் பிரித்துப் பெட்டியில் போட்டு 'இதோ பாகங்கள்' என்று யாரும் கணக்குக் காட்டிவிடக் கூடாதே என்று அரசு ஒரு முட்டுக்கட்டை போட்டது: பாகங்களோடு பூட்டும் குறிப்பு எதுவும் தரக் கூடாது. லோட்டஸ் நிறுவனத்தார் அந்த விதியைக் கவனமாகப் படித்தார்கள். பூட்டும் குறிப்புக்குத்தான் தடை; கழற்றும் குறிப்பைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆகவே, காரை எப்படிக் கழற்றுவது என்ற குறிப்பைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பினார்கள். வாங்கியவர் அதைக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் படித்தால் கார் தயார். கார்ப் பிரியர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை இது.

அந்தக் கார் லோட்டஸ் செவன். 1957-இல் அதைக் கொண்டுவந்த காலின் சாப்மனே வீட்டில் கார் கட்டி வளர்ந்தவர்தான். 1948-இல் ஒரு பழைய ஆஸ்டின் செவனை எடுத்து, லண்டனில் தன் காதலி ஹேஸலின் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் முதல் காரைச் செய்தார். காதலி பிறகு மனைவியானார். லோட்டஸ் என்ற பெயர் ஃபார்முலா ஒன் உலகப் பட்டங்கள் வரை போனது. செவன் மட்டும் கடைசிவரை கொட்டகைக் காராகவே இருந்தது. இரும்புக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாக வெல்டு செய்த கூடு, அதன்மேல் அலுமினியத் தகடு, முன்னால் எஞ்சின், பின் சக்கரங்களுக்கு இழுவை, இரண்டு பேருக்கு இடம். கதவு என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. மழை வந்தால் ஒரு துணிக் கூரை. அதைப் போட்டு முடிப்பதற்குள் மழை நின்றுவிடும் என்பது அதை ஓட்டுபவர்களின் கிண்டல்.

1973-இல் பிரிட்டனில் பர்ச்சேஸ் டாக்ஸ் போய் வாட் வரி வந்ததும் பெட்டிக் காரின் வரிச் சலுகை முடிந்துபோனது. லோட்டஸ் அந்தக் காரைக் கைகழுவியது. சர்ரே மாவட்டத்தின் கேட்டர்ஹாம் என்ற ஊரில் லோட்டஸ் கார்களை விற்றுக்கொண்டிருந்த கிரஹாம் நியர்ன் அதன் உரிமையை வாங்கினார். அன்றிலிருந்து அதே உருவம் 'கேட்டர்ஹாம் செவன்' என்ற பெயரில் வந்துகொண்டிருக்கிறது. வரி லாபம் போன பிறகும் ஆட்கள் பாகங்களாகவே வாங்கிக்கொண்டுபோய் வீட்டில் பூட்டினார்கள். பணத்தை மிச்சம் பிடிக்கத் தொடங்கிய வேலை, அதற்குள் பலருக்குப் பொழுதுபோக்காக மாறியிருந்தது.

கிட் கார் என்று சொல்வது இதைத்தான். சேசிஸ், உடல் தகடுகள், சஸ்பென்ஷன் கைகள் ஆகியவற்றை ஒரு சிறு நிறுவனம் செய்து தரும். எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்ஸில், ஸ்டியரிங் போன்றவற்றைச் சாலையில் ஓடிக் களைத்த ஒரு காரிலிருந்து பிடுங்கிக்கொள்வார்கள். அந்தக் காருக்கு 'டோனர்' என்று பெயர். எல்லாப் பாகமும் புத்தம் புதிதாகத் தரும் நிறுவனங்களும் உண்டு. அமெரிக்காவில் இந்தக் கலை வேறு வழியில் வளர்ந்தது. 1964-இல் கலிஃபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ், படகு செய்யும் ஃபைபர்கிளாஸ் வித்தையைக் கொண்டு, ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் அடிப்பாகங்களின்மேல் உட்காரும் மணல்வெளிக் கார் ஒன்றைச் செய்தார்; 'மேயர்ஸ் மாங்ஸ்' என்ற அதைப் பார்த்து உலகமெங்கும் நகலெடுத்தார்கள். 1995-இல் தொடங்கிய, மாசசூசெட்ஸின் வேர்ஹாம் ஊரில் உள்ள ஃபேக்டரி ஃபைவ் நிறுவனம், பழைய ஷெல்பி கோப்ராவின் சாயலில் கிட்டுகள் விற்கிறது. ஆனாலும் முதல்முறை கை வைப்பவருக்குப் பொருத்தமானது செவன் ஜாதிக் கார்தான். வளைவு நெளிவான தகடு அதில் மிகக் குறைவு. மூக்கும் மட்கார்டும் ஃபைபர்கிளாஸில் தயாராக வந்துவிடும். மற்றதெல்லாம் தட்டையான அலுமினியம். டிங்கரிங் தெரியாதவரும் சமாளிக்கலாம்.

கழற்றிப் பூட்டும் வித்தையைப் புத்தகத் தொழிலாகவே ஆக்கிய ஒருவர் உண்டு. அவர் பிறந்தது இலங்கையில். தேயிலைத் தோட்ட நிர்வாகி ஒருவரின் மகனாக 1938-இல் அன்றைய சிலோனில் பிறந்த ஜான் ஹேன்ஸ், 12 வயதில் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் ஒரு விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். பையனுக்கு ரக்பி ஆட்டத்தில் நாட்டமில்லை. அந்த நேரத்தில் ஒரு பழைய ஆஸ்டின் செவனை ஸ்போர்ட்ஸ் காராக மாற்றிக்கொள்ளப் பள்ளி அவரை அனுமதித்தது. ரக்பி மைதானம் ஒரு சுமாரான ஆட்டக்காரரை இழந்தது. கார் உலகத்துக்கு அது லாபம். 1956-இல், இன்னும் பள்ளி மாணவராக இருந்தபோதே, தான் செய்த விதத்தைப் படம் வரைந்து விளக்கி ஒரு சிறு கையேடு போட்டார். 250 பிரதிகள், பத்தே நாளில் தீர்ந்தன.

பின்னர் விமானப் படை வேலையில் ஏடனில் இருந்தபோது, நண்பர் ஒருவர் வாங்கியிருந்த பழைய ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் காரைச் சீர்செய்ய உதவினார். கம்பெனி போட்ட அதிகாரபூர்வப் புத்தகம் பட்டறை ஆட்களுக்காக எழுதப்பட்டது. சாதாரண ஆளுக்கு அது உதவவில்லை. எனவே கழற்றக் கழற்ற ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து, அதை வைத்து 1966-இல் முதல் ஹேன்ஸ் கையேட்டை வெளியிட்டார். 2019-இல் அவர் மறைந்தபோது அந்த வரிசைப் புத்தகங்கள் 20 கோடிக்கு மேல் விற்றிருந்தன. ஒரு பாகத்தை எப்படிக் கழற்றுவது என்று பக்கம் பக்கமாகச் சொல்லிவிட்டு, மாட்டுவதற்கு வந்த வழியே திரும்பிப் போகச் சொல்லி ஒரே வரியில் முடித்துக்கொள்வது அந்தக் கையேடுகளின் வழக்கம். அந்த ஒரு வரியை நம்பி வண்டிக்கு அடியில் படுத்துக்கிடந்தவர்கள் அதைச் சொல்லி இன்றும் சலித்துக்கொள்வார்கள்.

அதே ஹேன்ஸ் நிறுவனம் 1996-இல் இன்னொரு புத்தகம் போட்டது. ரான் சாம்பியன் எழுதியது. வெறும் 250 பவுண்டில்கூட ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று அட்டையிலேயே அறிவித்த புத்தகம். கிட்டே வாங்க வேண்டாம். கடையில் சதுரக் குழாய் வாங்கி, புத்தகத்தில் உள்ள அளவுப்படி வெட்டி, வெல்டு செய்து சேசிஸைத் தானே செய்துகொள்ளலாம் என்றது. மற்றதெல்லாம் ஒரு பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டிலிருந்து. இப்படிப் பிறந்த கார்களுக்கு 'லோகாஸ்ட்' என்று பெயர் நிலைத்தது. 1939-இல் தொடங்கிய 750 மோட்டார் கிளப் அவற்றுக்கென்றே தனிப் பந்தய வரிசை நடத்தும் அளவுக்கு அவை பெருகின.

அந்த 250 பவுண்டுக் கணக்கை இன்று யாரும் நம்பி இறங்கக் கூடாது. எஸ்கார்ட் அன்று காயலான் கடைச் சரக்கு. பின் சக்கர இழுவை கொண்ட முதல் இரண்டு தலைமுறை எஸ்கார்ட்டுகள் இன்று சேகரிப்பாளர்கள் அடித்துக்கொள்ளும் பொருள். அதனால் 2007-இல் கிறிஸ் கிப்ஸ் எழுதிய அடுத்த ஹேன்ஸ் புத்தகம் ஃபோர்டு சியராவுக்குத் தாவியது; சியராவும் அருகிப்போக, இப்போது பலர் மாஸ்டா எம்எக்ஸ்-5 காரைத் தேடுகிறார்கள். நல்லதாக நான்கு டயர் வாங்கவே சாம்பியனின் பட்ஜெட் காலியாகிவிடும். இன்னொரு கோடியில் கேட்டர்ஹாம் கிட்டின் விலை 20 ஆயிரம் பவுண்டுக்கு மேல். வீட்டில் கட்டினால் மலிவு என்று யாராவது சொன்னால், அவர் தன் உழைப்புக்குக் கூலி போடவில்லை, ஸ்பானர் வாங்கிய பில்லையும் மறைத்துவிட்டார் என்று பொருள்.

அப்படியானால் புதியவர் எங்கே தொடங்குவது? தன் பொறுமை எவ்வளவு என்று உண்மையாகக் கணக்குப் போடுவதில். கேட்டர்ஹாம் போன்ற முழு கிட் வாங்கினால் வெல்டிங் இல்லை, பெயின்ட் இல்லை. வயரிங் கட்டு தயாராகவே வரும். சாதாரண ஸ்பானர் செட், டார்க் ரெஞ்ச், வாடகைக்கு ஒரு எஞ்சின் கிரேன் இருந்தால் போதும். 80 முதல் 100 மணி நேர வேலை என்பது நிறுவனத்தின் கணக்கு. சேசிஸ் மட்டும் வாங்கி டோனர் காரைப் பிரித்துப் பூட்டுபவருக்கு அது வருடக் கணக்கில் இழுக்கும், ஏனென்றால் வரும் ஒவ்வொரு பாகமும் அழுக்கும் துருவுமாக வரும். பூட்டுவதைவிடச் சுரண்டித் தேய்ப்பதில்தான் வார விடுமுறைகள் கரையும். குழாயிலிருந்து தொடங்கும் லோகாஸ்ட் மூன்றாம் வகை. அதற்கு வெல்டிங் கை வர வேண்டும்.

இடப் பிரச்சினையையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. செவன் சின்னக் கார்தான். மூன்று மீட்டரைச் சற்றே தாண்டும் நீளம், ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான அகலம். ஒரு கார் நிறுத்தும் கராஜில் அடங்கிவிடும். அடங்காதது அதன் பாகங்கள். பூட்டாத கார் பூட்டிய காரைவிட இரண்டு மடங்கு இடம் பிடிக்கும். கியர்பாக்ஸ் கட்டிலுக்கு அடியிலும், இருக்கைகள் மாடிப்படி வளைவிலும், விண்ட்ஸ்கிரீன் அலமாரிக்குப் பின்னாலும் குடியேறும். வீட்டில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே பேசி வைப்பது எந்தக் கருவியையும்விட முக்கியம்.

குழாயிலிருந்து தொடங்குபவரின் முதல் சில வாரங்களைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். 25 மில்லிமீட்டர் சதுரக் குழாய், சுவர்க் கனம் ஒன்றரை மில்லிமீட்டரை ஒட்டி. தரையில் ஒரு தட்டையான பலகை. அதன்மேல் சேசிஸின் அடித்தளம் முழு அளவில் கோடாக வரையப்பட்டிருக்கும். கோட்டின் இரு பக்கமும் சின்னக் கட்டைகளைத் திருகி வைத்து, குழாய் நகராதபடி நடுவில் உட்கார வைப்பார்கள். பிறகு மூலைகளில் ஒவ்வொரு சொட்டாக டேக் மட்டும் வைக்க வேண்டும். இங்கேதான் புதியவர்களுக்குக் கை அரிக்கும். ஒரு மூலை அழகாகச் சேர்ந்துவிட்டது, அதை முழுதாகவே வெல்டு செய்துவிடலாமே என்று தோன்றும். செய்தால் கெட்டது. உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கி, குழாயைத் தன் பக்கம் இழுக்கும். ஒரு மூலையில் ஒரு மில்லிமீட்டர் இழுத்தாலும் மறுமுனையில் அது விரற்கடை அளவுக்கு விலகி நிற்கும். அதனால் கூடு முழுவதும் டேக்கிலேயே எழுந்து நின்ற பிறகு, மூலைக்கு மூலை குறுக்களவு எடுத்து, இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, அப்புறம் முன்னால் ஒரு மூலை, பின்னால் எதிர்ப்பக்கம் ஒரு மூலை என்று மாற்றி மாற்றி முழு வெல்டு போடுவார்கள். சூடு ஒரே பக்கம் சேராது.

சாம்பியனின் புத்தகத்தை வைத்துக் கட்டியவர்கள் கற்றுக்கொண்ட இன்னொரு பாடமும் உண்டு. எல்லாக் குழாயையும் பட்டியல்படி முதலிலேயே வெட்டி அடுக்கிக்கொள்ளக் கூடாது. புத்தக அளவுகளில் சில நிஜத்தில் ஒத்துப்போகவில்லை. முன் குழாயை வைத்து, இடைவெளியை அளந்து, அடுத்ததை வெட்டுவதே பிழைக்கும் வழி.

வெல்டிங் தெரியாதவர் அதைக் காரின் மேலேயே கற்றுக்கொள்ளக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? வேண்டும், ஏனென்றால் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். மிச்சத் துண்டுகளைச் சேர்த்து வெல்டு செய்து, வைஸில் பிடித்துச் சுத்தியலால் அடித்து மடக்கிப் பார்க்க வேண்டும். குழாய் வளைந்து வெல்டு தாக்குப்பிடித்தால் தேறியதாகக் கொள்ளலாம். வெல்டு பிய்ந்து வந்தால், வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் உலோகம் உள்ளே இறங்கவில்லை. சஸ்பென்ஷனும் சீட் பெல்ட்டும் பிடித்து நிற்கும் இடங்களை மட்டுமாவது தேர்ந்த வெல்டரிடம் விட்டுவிடுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

பிரேக் குழாய்களும் அப்படியே. செப்புக் கலவைக் குழாயின் நுனியைக் கருவியால் விரித்து நட்டுக்குள் உட்கார வைப்பதில் ஒன்றுக்கொன்று பொருந்தாத வகைகள் உண்டு. மாறிப் பூட்டினால் இறுக்கமாகத் தெரியும், ஆனால் கசியும். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்னும், எனவே ஆசையாகப் பூசிய சேசிஸில் ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீர்விட்டுக் கழுவ வேண்டும். சேசிஸில் தகடு அடிப்பதற்கும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அலுமினியமும் இரும்பும் நேருக்கு நேர் தொட்டுக்கொண்டு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவே பசையோ சீலன்ட்டோ பூசிய பிறகே ரிவெட் அடிப்பார்கள்.

புதியவர்களைத் தூங்கவிடாத வேலை வயரிங். வழக்கமான இரும்புக் காரில் பாடியே எர்த். பல்புக்கு ஒரு வயர் போனால் போதும், திரும்பி வரும் வழியைப் பாடி பார்த்துக்கொள்ளும். ஃபைபர்கிளாஸில் கரன்ட் ஓடாது. எனவே மட்கார்டில் உட்காரும் ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக எர்த் வயர் இழுக்க வேண்டும். அதைச் சேசிஸில் பூட்டும் இடத்தில் பவுடர் கோட்டிங் இருந்தால் அங்கும் தொடர்பு கிடைக்காது. பெயின்ட்டைச் சுரண்டி இரும்பைக் காட்ட வேண்டும். இண்டிகேட்டரைப் போட்டால் பிரேக் லைட் சேர்ந்து கண்சிமிட்டுகிறது, ஹெட்லைட் போட்டால் ஹாரன் முனகுகிறது என்பது போன்ற பேய் வேலைகளில் பாதிக்கு மேல் எர்த் கோளாறுதான்.

எஞ்சினை இறக்கும் நாளில் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்தே தொங்கும். கியர்பாக்ஸின் வால் தாழ்ந்து, எஞ்சினின் மூக்கு உயர்ந்து, ஒரு சாய்வில் உள்ளே நுழைந்தால்தான் வால் நடுச் சுரங்கத்துக்குள் புகும். செவனில் விரல் நுழையும் இடைவெளிதான் இருக்கும். சேசிஸ் குழாய்களுக்கு அட்டையோ பஞ்சோ சுற்றிவைக்காதவர் அன்றிரவு பெயின்ட் டப்பாவைத் திறக்க வேண்டிவரும். பூட்டிய பிறகும் உடனே சாவியைத் திருகக் கூடாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரால் மட்டும் எஞ்சினைச் சுற்றி, ஆயில் பிரஷர் மீட்டரில் முள் எழும்புவதைப் பார்க்க வேண்டும். முள் எழும்பினால் ஆயில் பேரிங்குகளுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் பிளக், பெட்ரோல், சத்தம், அக்கம்பக்கத்தார்.

டார்க் ரெஞ்சால் இறுக்கிய ஒவ்வொரு நட்டிலும் போல்ட்டிலும் ஒரு பெயின்ட் கோடு இழுத்துவைப்பது அனுபவசாலிகளின் பழக்கம். கோடு இல்லாத நட் இன்னும் இறுக்கப்படாதது. கோடு விலகியிருந்தால் தளர்ந்திருக்கிறது. பத்து ரூபாய்ச் செலவில் இதைவிட நல்ல இன்ஷூரன்ஸ் கிடைக்காது.

இத்தனை செய்தும் கார் சாலைக்கு வந்துவிடாது. பிரிட்டனில் வீட்டில் கட்டிய கார் 'ஐவிஏ' என்ற தனி வாகனச் சோதனையைத் தாண்ட வேண்டும். 1998-இல் வந்த எஸ்விஏ சோதனைக்குப் பதிலாக 2009-இல் வந்தது இது. பிரேக், ஸ்டியரிங், சீட் பெல்ட், விளக்குகள், கண்ணாடிகள், புகை, சத்தம் என எல்லாமே அதில் உண்டு. ஸ்பீடோமீட்டர் நிஜ வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது. கொஞ்சம் கூட்டிக் காட்டலாம். ஆனால் கட்டியவர்களை அலறவைப்பது கூர்முனை விதி. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு உருண்டையைக் காரின் வெளிப்புறத்தில் உருட்டினால் அது எங்கெல்லாம் தொடுமோ, அங்கெல்லாம் விளிம்பின் வளைவு 2.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பாதசாரி மோதினால் கிழித்துவிடக் கூடாது என்பது காரணம். சக்கரமும் சஸ்பென்ஷனும் வெளியே தெரியும் செவன் போன்ற காரில் நட்டும் போல்ட் நுனியும் எங்கும் நிறைந்திருக்கும். அதனால் சோதனைக்கு வரும் கார்களில் ஒவ்வொரு நட்டுக்கும் பிளாஸ்டிக் தொப்பி, ஒவ்வொரு தகட்டு விளிம்புக்கும் ரப்பர் கரை. இதில் பாதி, சோதனை முடிந்ததும் கழன்று டப்பாவுக்குப் போய்விடும் என்பது ஊரறிந்த ரகசியம்.

சோதனை தேறிய பிறகு ஓட்டுநர்–வாகன உரிமத் துறையான டிவிஎல்ஏ. எல்லாம் புதுப் பாகமென்று ரசீது காட்டினால் புது நம்பர். புதுப்பித்த பாகம் ஒன்று மட்டும் இருக்கலாம். டோனர் காரின் முக்கியப் பாகங்கள் போதிய அளவு இருந்து அதற்கான ஆவணமும் இருந்தால், அந்த டோனரின் வயதுக்கு ஏற்ற நம்பர். பாகங்களின் பூர்வீகம் தெரியாவிட்டால் 'க்யூ' என்று தொடங்கும் நம்பர் பிளேட். விற்கும்போது விலையைக் கீழே இழுக்கும் எழுத்து அது. ஆகவே பத்து பென்ஸுக்கு வாங்கிய வாஷரின் ரசீதாக இருந்தாலும் கோப்பில் இருக்கட்டும். கட்டும் ஒவ்வொரு கட்டத்திலும் புகைப்படம் வேண்டும்.

ஐவிஏ சோதனையில் என்னென்ன பார்ப்பார்கள் என்ற முழுக் கையேட்டையும் பிரிட்டிஷ் அரசு இலவசமாகவே தருகிறது. பெரும்பாலோர் அதைக் கார் முடிந்த பிறகு புரட்டுகிறார்கள். அப்போதுதான் டாஷ்போர்டின் விளிம்பு கூர்மை, பிரேக் குழாயின் கிளிப்புகளுக்கு நடுவே தூரம் அதிகம், பின்விளக்கு இருக்க வேண்டிய உயரத்தில் இல்லை என்று தெரியவரும். முடித்த காரை மறுபடி பிரிக்க வேண்டும். முதல் குழாயை வெட்டுவதற்கு முன்பே அந்தக் கையேட்டைப் படித்தவர் எல்லாவற்றையும் ஒரே முறை செய்வார். கை வித்தை போதாமல் நின்றுபோன கார்களைவிட, எதை எப்போது செய்வது என்ற ஒழுங்கு இல்லாமல் நின்றுபோன கார்களே அதிகம் என்றுதான் சொல்ல வேண்டும். முக்கால்வாசியில் விட்ட புராஜெக்டுகள் அங்கே பாதி விலைக்கும் கீழே விற்பனைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. புதியவர்கள் அவற்றை மலிவென்று வாங்குவது ஆபத்து. முந்தைய ஆள் எந்த நட்டை இறுக்கினார், எதை விட்டார் என்று யாருக்கும் தெரியாது.

இத்தனை பாடுபட்டு என்ன கிடைக்கிறது? 2010-களில் வந்த கேட்டர்ஹாம் செவன் 160 காரின் எடை 490 கிலோ. நம் ஊர் மாருதி 800 அதைவிடக் கனமானது. அந்த 160-இல் இருந்தது மூன்று சிலிண்டர், 660 சிசி சுசுகி எஞ்சின். காகிதத்தில் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் இழுக்க வேண்டிய பாரம் இல்லாததால் அந்தச் சின்ன எஞ்சினே துள்ளும். ஓட்டுபவர் ஏறக்குறைய பின் ஆக்ஸிலின் மேல், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்திருப்பார். பவர் ஸ்டியரிங் இல்லை, ஏசி இல்லை, பாட்டு இல்லை. நீண்ட பயணத்துக்கு ஆகாது. கோணலான கிராமத்துச் சாலையில் ஒரு ஞாயிறு காலைக்கு அதைவிடச் சுகமான கார் கிடையாது என்பது ஓட்டியவர்களின் ஒருமித்த பேச்சு.

தமிழ்நாட்டில் இந்த ஆசைக்குச் சட்டம் குறுக்கே நிற்கிறது. இந்தியாவில் ஒரு கார் மாடல் சாலைக்கு வர, தயாரிப்பாளர் அதை ஏஆர்ஏஐ போன்ற அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் சோதனைக்குக் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும். ஒற்றை ஆள் வீட்டில் கட்டிய ஒற்றைக் காரைப் பார்த்து நம்பர் தரும் பிரிட்டன் போன்ற எளிய வழி இங்கே இல்லை. இருக்கும் காரை உருமாற்றவும் முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த மூல வடிவத்தை மாற்றத் தடை போடுகிறது, 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

ஆனால் கட்டும் கை இங்கே இல்லாமல் போய்விடவில்லை. கோவையின் ஜி.டி. நாயுடு 1952-இல் இரண்டாயிரம் ரூபாயில் இரண்டு பேர் போகும் பெட்ரோல் கார் செய்தார். அரசு லைசென்ஸ் தராததால் அது தொழிலாக வளரவில்லை. அதே கோவையில் எஸ். கரிவரதன் 1980-களின் இறுதியில் மாருதி 800-இன் எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். ஃபார்முலா மாருதி என்ற அந்தக் கார்களில் ஓட்டிப் பழகியவர்களில் ஒருவர் பின்னாளில் ஃபார்முலா ஒன்னுக்குப் போன நரேன் கார்த்திகேயன். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார்; செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீடுவே அவர் பெயரில் நிற்கிறது.

அங்கேதான் 'ஃபார்முலா பாரத்' போட்டிக்கு நாடு முழுவதிலுமிருந்து பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களோடு வருகிறார்கள். குழாய்ச் சேசிஸ், மோட்டார் சைக்கிள் எஞ்சின் அல்லது பேட்டரி, ஓட விடுவதற்கு முன்பே கறாரான தொழில்நுட்பச் சோதனை. சாலையில் ஓட்ட நம்பர் கிடைக்காது. வெல்டிங்கும் வயரிங்கும் பிரேக்கும் மட்டும் கைக்கு வரும். கார் கட்டியே தீருவேன் என்று வீட்டில் ஒரு பிள்ளை நச்சரித்தால், பெற்றோர் செய்யக்கூடியது இதுதான்: கல்லூரி சேரும்போது கட் ஆஃப் மதிப்பெண்ணோடு, அந்தக் கல்லூரிக்கு ஃபார்முலா பாரத் அணி இருக்கிறதா என்றும் ஒரு வார்த்தை விசாரியுங்கள். பிரிட்டனில் உறவினர் வீட்டுக் கராஜ் காலியாக இருப்பவர்கள், கிட்டுக்கு முன்பணம் கட்டும் முன் யாராவது கட்டிய செவனில் ஷூவோடு ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். அகலப் பாதம் உள்ளவர்களுக்கு கிளட்சும் பிரேக்கும் ஒன்றாகவே அமுங்கும்.